பிரஷர் வந்த பிறகு சமையல் எண்ணெயை மாற்றுவது எப்படி?

அப்பாவுக்கு பிரஷர் என்று தெரிந்த வாரமே வீட்டில் எண்ணெய் மாறிவிட்டது. ஒருவர் நல்லெண்ணெய் என்றார், இன்னொருவர் ஆலிவ் எண்ணெய் என்றார், இரண்டையும் வாங்கி வைத்தோம். மூன்றாவது வாரம் தற்செயலாக மாத்திரை அட்டையைப் பார்த்தேன். பாதிக்கு மேல் பிரிக்காமலே இருந்தது. "அதான் எண்ணெயை மாத்தியாச்சே, அப்புறம் மாத்திரை எதுக்கு?" என்று கேட்டார். அன்று மாலை அளந்து பார்த்தால் மேல் எண் 172. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, அவருக்கு உடம்பில் எதுவுமே தெரியவில்லை. எனக்குப் பயமே அதில்தான் வந்தது.

எண்ணெயை மாற்றியதில் தவறில்லை. இதயத்துக்கு அது உதவும் என்று நம்ப நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் எந்த வரிசையில் செய்வது, எவ்வளவு எதிர்பார்ப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போதுதான் பிரஷர் என்று தெரியவந்திருக்கும் உங்களுக்காக அந்த வரிசையை எழுதுகிறேன்.

முதல் படி: மாத்திரையைத் தொடாதீர்கள், அளவைக் குறித்துவையுங்கள்

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அது அப்படியே தொடர வேண்டும். எந்த எண்ணெயும் அதற்குப் பதில் ஆகாது. சரி, எண்ணெய் மாற்றியதால் ஏதாவது நடந்ததா என்று எப்படித் தெரியும்? மாற்றுவதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று எழுதி வைத்திருந்தால்தான் தெரியும். அதனால் எண்ணெய் பாட்டிலைத் தொடும் முன் ஒரு வாரம் வீட்டிலேயே அளந்து குறியுங்கள்.

முழங்கைக்கு மேலே, மேற்கையில் சுற்றும் பட்டை உள்ள கருவி நல்லது. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, புகை, உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் பதித்து 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்கும்படி கையை மேசை மேல் வையுங்கள். சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையிலும் மாலையிலும். ஏழு நாள் எண்களையும் கூட்டிச் சராசரி பாருங்கள். மருத்துவமனையில் 140/90 என்பதை உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள். வீட்டில் அளக்கும்போது அதற்கு ஈடான எல்லை 135/85. ஒரு நாள் எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம்.

இரண்டாவது படி: எண்ணெய் எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ரத்தக்குழாயின் உட்புறம் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் இருக்கிறது. அந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. குழாய்ச் சுவரின் தசைகளுக்குத் 'தளர்ந்துகொள்' என்று சொல்வது அதுதான். அதன் ஆயுள் சில விநாடிகள் மட்டுமே. இதைக் கண்டுபிடித்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூவருக்கு 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பிரஷர் நெடுநாள் உயர்ந்தே இருக்கும்போது ரத்தக்குழாய்ச் சுவரில் ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் சில துடுக்கான மூலக்கூறுகள் அதிகமாகின்றன. அவை நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து அழித்துவிடும். குழாய் தளர வேண்டிய நேரத்தில் தளராது. அதே மூலக்கூறுகள் ரத்தத்தில் ஓடும், கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் கொழுப்பையும் தாக்கி அதைக் காறிப்போக வைக்கின்றன. அப்படிக் காறிய கொழுப்புதான் குழாய்ச் சுவரில் தங்கி, அடைப்பு உருவாக அடித்தளம் போடுகிறது. ஆன்டி ஆக்சிடன்ட் எனப்படும் பொருள்கள் இந்தத் தாக்குதலை இடையில் புகுந்து தடுப்பவை. எண்ணெய்களில் வைட்டமின் ஈ, பாலிஃபீனால், லிக்னான், ஒரைசனால் என்று பல பெயர்களில் இருக்கின்றன.

அப்படியென்றால் அந்தப் பொருளை மட்டும் மாத்திரையாக விழுங்கிவிடலாமே என்று தோன்றும். அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஹோப் என்ற பெரிய ஆய்வில் இதய ஆபத்து அதிகமுள்ள 9,541 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். நாலரை ஆண்டு கழித்து 2000-ல் முடிவு வந்தபோது மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அந்த ஆய்வை நீட்டித்துப் பார்த்து 2005-ல் வெளியிட்டபோது, வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு சற்று அதிகமாகவே இருந்தது. எனவே 'இதயத்துக்கு நல்லது' என்று யாராவது வைட்டமின் ஈ குப்பியை நீட்டினால், தயவுசெய்து வாங்காதீர்கள். எண்ணெயாகச் சமையலில் சேரும்போது கிடைக்கும் பலன், கூடவே வரும் கொழுப்பு அமிலங்களையும் தட்டில் அதனுடன் இருக்கும் மற்ற உணவையும் சேர்த்துத்தான்.

மூன்றாவது படி: இப்போது எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள்

புது எண்ணெய் வாங்கும் முன் பழைய பாட்டிலில் ஒரு வேலை இருக்கிறது. திறக்கும் அன்று மார்க்கர் பேனாவால் பாட்டில் மேல் தேதியை எழுதுங்கள். தீரும் அன்று இன்னொரு தேதி. ஒரு லிட்டரில் 15 மில்லி மேசைக்கரண்டி கணக்கில் 66 கரண்டிக்குச் சற்று அதிகம் வரும். ஆளுக்கு நாளைக்கு 2 கரண்டி என்றால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு லிட்டர் 8 நாள் ஓட வேண்டும். 5 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 3 கரண்டிக்கு மேல் போகிறது. எங்கள் வீட்டில் நான் நினைத்ததும் பாட்டில் காட்டியதும் வேறு வேறு. பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றும் வழக்கம் இருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். கரண்டியில் அளந்து ஊற்றப் பழகுங்கள், ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. எந்த எண்ணெயாக இருந்தாலும் இதே கணக்குதான், விலை உயர்ந்தது என்பதால் குறையாது. 'நல்ல எண்ணெய்தானே' என்று கூடுதலாக ஊற்றினால் எடை ஏறும், எடை ஏறினால் பிரஷரும் ஏறும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-ல், ஆலிவ் எண்ணெயில் இருப்பது போன்ற ஒலீயிக் அமிலம் என்ற கொழுப்பு மிகுந்த எண்ணெய்கள் பற்றி ஒரு வாசகத்தை லேபிளில் போட அனுமதித்தது. தினமும் சுமார் ஒன்றரை மேசைக்கரண்டி இதய நோய் ஆபத்தைக் குறைக்கக்கூடும் என்பது அதன் சாரம். நிறைவுற்ற கொழுப்புக்குப் (வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெயில் மிகுந்திருக்கும், எல்டிஎல்லை உயர்த்தும் வகை) பதிலாகச் சேர்க்க வேண்டும், மொத்தக் கலோரி கூடக் கூடாது என்ற நிபந்தனையும் அதே வாசகத்தில் இருக்கிறது. விளம்பரங்களில் இந்த இரண்டாம் பாதி காணாமல் போய்விடுகிறது. 'பதிலாக' என்ற சொல்தான் இதில் முக்கியம்.

நான்காவது படி: எண்ணெயைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். எண்ணெயை இரண்டு கேள்வி கேளுங்கள். அதில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு? ஆன்டி ஆக்சிடன்ட் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? வரிசையும் இதுதான். முதல் கேள்வியில் தோற்ற எண்ணெயை இரண்டாம் கேள்வி காப்பாற்றாது. சிவப்பு பாமாயிலில் கரோட்டின் நிறைய உண்டு, ஆனால் கொழுப்பில் ஏறக்குறைய பாதி நிறைவுற்றது. தேங்காய் எண்ணெயில் அது 80 சதவீதத்துக்கும் மேல். எல்டிஎல்லை உயர்த்துகிறது என்பதால் அமெரிக்க இதய சங்கம் 2017-ல் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்றே சொன்னது. வெண்ணெய், நெய் இரண்டிலும் பாதிக்கு மேல். இவற்றை வாசனைக்கு ஒரு சொட்டு சேர்ப்பது வேறு, அன்றாடச் சமையலே இவற்றில் நடப்பது வேறு.

எக்ஸ்ட்ரா வர்ஜின், அதாவது பிழிந்தபடியே சுத்திகரிக்காமல் வரும் ஆலிவ் எண்ணெய்க்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வில் 7,447 பேர். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பிரஷர் உள்ளவர்கள். இந்த எண்ணெயோ பாதாம், வால்நட் போன்ற கொட்டைகளோ சேர்ந்த, காய்கறி, பழம், பயறு, மீன் மிகுந்த மத்திய தரைக்கடல் உணவு முறையில் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாம் சேர்ந்து சுமார் 30 சதவீதம் குறைந்தது. 2013-ல் வந்த அந்தக் கட்டுரையில் ஆட்களைக் குழு பிரித்த முறையில் சில இடங்களில் கோளாறு தெரியவந்ததால் திரும்பப் பெற்று, 2018-ல் திருத்தி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. பிரஷரை மட்டும் பார்த்த இன்னொரு ஆய்வு எனக்குப் பிடித்தது. நேப்பிள்ஸில் பிரஷர் மாத்திரை எடுக்கும் 23 பேருக்கு ஆறு மாதம் எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ், ஆறு மாதம் சூரியகாந்தி எண்ணெய் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஆலிவ் காலத்தில் தேவைப்பட்ட மாத்திரை அளவு 48 சதவீதம் குறைந்தது, சூரியகாந்தி காலத்தில் 4 சதவீதம். 2000-ல் வந்தது. 23 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதோடு அங்கே மாத்திரையைக் குறைத்தவர்கள் மருத்துவர்கள், அதுவும் அளந்து பார்த்து.

நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 15 சதவீதத்தை ஒட்டி. செசமின், செசமோலின் என்ற லிக்னான்கள் இதில் உண்டு. எள்ளை வறுக்கும்போது செசமோலின் உடைந்து செசமோல் என்ற இன்னும் வலிமையான பொருள் உண்டாகிறது. எளிதில் கெடக்கூடிய லினோலியிக் அமிலம் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தும் நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைப் போலச் சீக்கிரம் காறாமல் இருப்பதற்கு இவைதான் காரணம். அரிசித் தவிட்டு எண்ணெயில் ஒரைசனால் இருக்கிறது, ஆனால் காரம் (அல்கலி என்ற வேதிப்பொருள்) சேர்த்துச் சுத்திகரிக்கும் முறையில் அதில் பெரும்பகுதி போய்விடும். பாட்டிலில் ஒரைசனால் அளவு போட்டிருந்தால் பார்த்து வாங்குங்கள். இந்த இரண்டு எண்ணெயையும் கலந்து டெல்லியில் 300 பேரிடம் 60 நாள் சோதித்து, 2012-ல் அமெரிக்க இதய சங்கத்தின் மாநாட்டில் முடிவைச் சொன்னார்கள். எண்ணெய் மட்டும் எடுத்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 14 புள்ளி குறைந்தது, மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 16, இரண்டையும் சேர்த்தவர்களுக்கு 36. கேட்க இனிக்கிறது. ஆனால் யார் எதை எடுக்கிறார்கள் என்பது மறைக்கப்படாத, இரண்டே மாத ஆய்வு. அப்பாவைப் போல இதைப் படித்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கடலை எண்ணெயும் கடுகு வகையைச் சேர்ந்த கனோலாவும் அன்றாடச் சமையலுக்குத் தாராளமாக ஆகும். கனோலாவில் நிறைவுற்ற கொழுப்பு 7 சதவீதம்தான். சூரியகாந்தியில் வைட்டமின் ஈ அதிகம், ஆனால் சாதாரண வகை அடுப்பில் சீக்கிரம் கெடும். ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா 3 வகைக் கொழுப்பு. அதை அடுப்பில் வைக்கவே கூடாது.

ஒரே எண்ணெயைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. சூடு படாமல் மேலே ஊற்றிக்கொள்ள ஒன்று, தாளிக்கவும் வதக்கவும் ஒன்று என இரண்டு பாட்டில் இருந்தால் போதும். உங்கள் வீட்டு நாக்குக்குப் பழகிய எண்ணெய் முதல் கேள்வியில் தேறிவிட்டால், அதிலேயே சுத்திகரிக்காத வகைக்கு மாறுவதுதான் என் கணக்கில் சிறந்த தொடக்கம். பிடிக்காத எண்ணெய் இரண்டே மாதத்தில் அலமாரிக்குப் பின்னால் போய்விடும்.

ஐந்தாவது படி: லேபிளைப் படியுங்கள், பிறகு சுவைத்துப் பாருங்கள்

'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்ற வரியைத் தாண்டிப் போங்கள். தாவர எண்ணெய் எதிலுமே அது இருப்பதில்லை என்றே சொல்லலாம். 'லைட்' ஆலிவ் என்றால் கலோரி குறைவு என்று பொருள் இல்லை. சுத்திகரித்ததால் நிறமும் மணமும் குறைந்தது, அவ்வளவுதான். 'பொமேஸ்' என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் வைத்து எடுத்தது. ஆன்டி ஆக்சிடன்ட் வேண்டுமென்றால் எக்ஸ்ட்ரா வர்ஜின், செக்கில் ஆட்டியது, கோல்டு பிரஸ்டு போன்ற சொற்களைத் தேடுங்கள். 'பகுதி ஹைட்ரஜனேற்றம்' என்று எங்கே கண்டாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு இருக்கும்.

ஆலிவ் எண்ணெயை நாக்கிலேயே சோதிக்கலாம். ஒரு டீஸ்பூன் எடுத்து உள்ளங்கைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு வாயில் ஊற்றிக்கொள்ளுங்கள். உதட்டைக் கொஞ்சமாகத் திறந்து காற்றை உள்ளே இழுத்தபடி விழுங்குங்கள். முதலில் பச்சைப் புல் வாசனை வரும், அப்புறம் நாக்கின் ஓரத்தில் லேசான கசப்பு. விழுங்கிச் சில விநாடி கழித்துத் தொண்டையின் பின்புறம் மிளகு கடித்தது போல ஓர் எரிச்சல் வந்து இருமல் தட்டும். அந்த எரிச்சல் ஒலியோகாந்தால் என்ற பாலிஃபீனாலுடையது. முதல் தடவை நான் எண்ணெய் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். தொண்டையில் எதுவுமே தெரியாமல் வழவழவென்று இறங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

ஆறாவது படி: அடுப்பில் கவனம்

எண்ணெயில் இருக்கும் ஆன்டி ஆக்சிடன்ட் முதலில் காப்பது அந்த எண்ணெயைத்தான். அதிகச் சூட்டில் அது தன்னையே செலவழித்துக்கொண்டு எண்ணெய் கெடாமல் பார்க்கும். அது தீர்ந்ததும் கொழுப்பு உடைய ஆரம்பிக்கும். அப்போது உண்டாகும் கழிவுகளைப் போலார் சேர்மங்கள் என்கிறார்கள். அவை 25 சதவீதத்தை ஒட்டி வந்தாலே எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. ஸ்பெயினில் பிசார்ரா என்ற ஊரில் ஆய்வாளர்கள் வீட்டு அடுப்படிகளிலிருந்தே எண்ணெய் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். எண்ணெயில் இந்தக் கழிவு அதிகமாக இருந்த வீட்டுக்காரர்களிடம் உயர் ரத்த அழுத்தமும் அதிகமாகக் காணப்பட்டது. 2003-ல் வெளிவந்தது. அதுதான் காரணம் என்று அறுதியிட முடியாது, ஆனால் பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும் பழக்கத்தை நிறுத்த எனக்கு இது போதுமானதாக இருந்தது.

செய்ய வேண்டியது எளிது. புகை வரும் வரை காய விடாதீர்கள். புகைந்துவிட்டால் ஊற்றியதைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள், மனம் கேட்காதுதான். பொரிப்பதைக் குறையுங்கள். பொரித்தால் கொஞ்சமாக ஊற்றி ஒரே தடவையோடு முடியுங்கள். நுரைத்த, கருத்த, பிசுபிசுத்த எண்ணெயைப் புது எண்ணெயோடு கலக்கவே கூடாது. கலந்தால் புதியதும் விரைவில் கெடும். எக்ஸ்ட்ரா வர்ஜினை வதக்கப் பயன்படுத்தலாம், அதில் தவறில்லை. ஆனால் அதன் பாலிஃபீனாலில் ஒரு பங்கு சூட்டில் போகும். அதனால் அடுப்பை அணைத்த பிறகு மேலே ஊற்றுவதுதான் சிக்கனமும்கூட.

வைத்துக்கொள்ளும் விதம்: வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் எண்ணெய்க்கு ஆகாது. அடுப்புக்குப் பக்கத்தில் திறந்தபடி இருக்கும் எண்ணெய்ச் சட்டி வேண்டாம். சிறிய, அடர்நிறப் பாட்டில், இறுக்கமான மூடி, இருட்டான அலமாரி. ஆளிவிதை எண்ணெய் குளிர்பெட்டியில். காறல் வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஏழாவது படி: உப்பையும் கூடவே பாருங்கள்

இதைக் கடைசியில் எழுதுகிறேன், ஆனால் பிரஷர் எண்ணைப் பொறுத்தவரை எண்ணெயைவிட உப்பின் கை பெரிது. உலக சுகாதார அமைப்பு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது, அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன்கூட முழுசாக வராது. பாக்கெட் உணவுகளில் ஒளிந்திருப்பதும் இதில் சேரும். காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் மிகுந்த டேஷ் உணவு முறையை 1997-ல் 459 பேரிடம் சோதித்தபோது, பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளி குறைந்தது. நல்ல எண்ணெய் அந்த மாதிரித் தட்டின் மேல் விழும்போதுதான் அதன் முழுப் பயனும் தெரியும்.

ஒரு மாதம் கழித்து

மீண்டும் ஒரு வாரம் அதே முறையில் அளந்து, முதல் வாரச் சராசரியோடு வைத்துப் பாருங்கள். எண்ணில் மாற்றம் இல்லாவிட்டாலும் எண்ணெயை விட்டுவிட வேண்டாம். எல்டிஎல் குறைவதும் ரத்தக்குழாய் காக்கப்படுவதும் பிரஷர் கருவியில் தெரியாது. இரண்டு வாரக் குறிப்பையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ ஏதாவது எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள், முக்கியமாக வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தில் இருந்தால். 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலமின்மை, பார்வை மங்கல் இவற்றில் ஏதாவது இருந்தால் மறுபடி அளந்துகொண்டு காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள்.

அப்பா இப்போது மாத்திரை அட்டையை எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். பாட்டிலை எடுக்கும்போது அட்டை கண்ணில் படும். அன்றைய மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் கரண்டியை எடுக்கிறார்.